கணிதப் பேரறிஞர் ஆய்லர்

உயர்நிலைப் பள்ளியில் கோண கணிதம் பயின்றோர் யாவரும் சைன், கோசைன் என்னும் இரண்டு பெயர்களை அறிவர். கோபுரத்தின் உயரத்தையும் ஆற்றின் அகலத்தையும் கணக்கிட்டு மதிப்பெண் பெற்றதோடு நம்மில் பலருக்கு அவற்றின் உறவு அற்றுப்போயிற்று. கல்லூரி சென்றோர் மேலும் ஒரு படி ஏறி, அவற்றைத் தொகையிடும் கணக்குகளில் இடர்ப்பட்டிருப்பர். அக்கணக்குகளுக்கு வேண்டிய திறவுகோலை உலகிற்கு அளித்தவர் லெயோனார்டு ஆய்லர். ஆங்கில எழுத்தைக் கண்டு நம்மவர் பலர் யூலர் என வாசிப்பர். ஆய்லர் என்பதே அவர் நாட்டு ஒலிப்பு. இருபதாம் வயதில் பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்டு, எழுபத்தாறாம் வயதில் அயல்நாட்டிலேயே மண்ணுள் அடங்கிய அப்பெரியாரின் வரலாற்றைப் பிழைப்பின் பொருட்டு வெளியூரில் வாழும் நம் சங்கத்து அன்பர்கள் அறிவது தக்கதென எண்ணி இதனை எழுதத் துணிந்தோம். நாம் கணிதப் புலவர் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி புரிகின்றோம். எனினும் இவ்வரலாற்றில் நம் இருப்புப்பாதைக்கும் ஓர் இடம் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

ஸ்விட்ஸர்லாந்து நாட்டில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள பாசெல் நகரில் 1707 ஏப்ரல் 15ஆம் நாள் ஆய்லர் பிறந்தார். தந்தையார் பால் ஆய்லர் கிறித்தவ சமயப் போதகர்; தாயார் பெயர் மார்கரெத்தா. நகருக்கு அணித்தே உள்ள ரீயென் என்னும் சிற்றூரில் குழந்தை வளர்ந்தது. போதகராயினும் தந்தையார் கணிதத்தில் பற்று மிக்கவர். இளமையில் யாக்கோபு பெர்னூலி என்னும் பேராசிரியரின் விரிவுரைகளைக் கேட்டவர். மகனுக்கு முதற் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. கணிதத்தைக் குலத்தொழில் போலக் கொண்டு மூன்று தலைமுறை விளங்கிய குடும்பம் அந்தப் பெர்னூலி குடும்பம்.

பதின்மூன்றாம் வயதில் ஆய்லர் பாசெல் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே யாக்கோபின் தம்பியாரான யோஹான் பெர்னூலி பேராசிரியராக இருந்தார். தனிப்பாடம் சொல்லித்தர அவருக்கு நேரமில்லை. ஆயினும் கடினமான நூல்களைத் தாமே படித்து, விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமை பிற்பகலில் வரும்படி சிறுவனுக்கு இசைவு அளித்தார். ஆசிரியரைக் கூடிய மட்டும் தொந்தரவு செய்யலாகாது என்று மாணவர் வாரம் முழுவதும் தாமே முயன்று, எஞ்சிய ஐயங்களை மட்டும் கொண்டு சென்றார். இதனினும் சிறந்த கல்விமுறை உண்டோ என்று நாம் பன்முறை எண்ணியதுண்டு. தந்தையாரோ மகன் தம்மைப் போலவே போதகராக வேண்டுமென விரும்பினார். யோஹான் பெர்னூலி எடுத்துரைத்த பின்னரே, மகன் பிறந்தது கணிதத்திற்கென்று இசைந்தார்.

இவ்விடத்தில் ஆசிரியர் விட்டுச் சென்ற ஒரு முடிச்சைக் குறிப்பிடுதல் வேண்டும். 1702ஆம் ஆண்டில் யோஹான் பெர்னூலி, வட்டத்தின் வில்லைக் கண்டறியும் ஒரு தொகையீட்டை, மைனஸ் 1இன் வர்க்கமூலத்தைப் பயன்படுத்தி இரண்டு எளிய கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். எந்த எண்ணையும் அதே எண்ணால் பெருக்கினால் மைனஸ் வாராது. ஆதலின் இத்தகைய மூலத்தைக் கற்பனை எண் என்றனர். பிரித்த கூறுகளைத் தொகையிட்டால் கற்பனை எண்களின் லாகரிதம் வந்து நின்றது. வட்டத்திற்கும் லாகரிதத்திற்கும் ஏதோ உறவு உண்டு என்பது தெரிந்தது. அந்த லாகரிதத்திற்குப் பொருள் யாது என்பதுதான் தெரியவில்லை. ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸுக்கும் பெர்னூலிக்கும் இதுபற்றிக் கடிதங்களில் நெடுநாள் வாதம் நிகழ்ந்தும் முடிவு பிறக்கவில்லை.

1727இல் பாரிஸ் கலைக்கழகம் கப்பலில் பாய்மரங்களை எவ்விடத்தில் நிறுத்துவது நலம் என்பது பற்றி ஒரு பரிசுப் போட்டி நடத்திற்று. கடலையே காணாத ஸ்விஸ் இளைஞரான ஆய்லரும் கட்டுரை விடுத்தார். பரிசு பூகேர் என்பாருக்குச் சென்றது. ஆய்லரின் கட்டுரை பாராட்டுப் பெற்றது. அவ்வமயம் பாசெல் பல்கலைக் கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பதவி ஒன்று காலியாயிற்று. அதற்கு விண்ணப்பித்தும் பயனில்லை. பத்தொன்பது வயது இளைஞருக்கு அப்பதவி கிட்டாமையில் வியப்பில்லை. உள்ளூரில் இடம் இல்லாதவர்க்கு வெளியூர் இடம் தந்தது. ருஷ்ய நாட்டின் பீட்டர்ஸ்பர்க் நகரில் புதிதாகத் தோன்றிய அறிவியற் கழகத்தில் யோஹானின் மகனான டானியல் பெர்னூலி பணியாற்றி வந்தார். அவர் முயற்சியால் ஆய்லருக்கும் அழைப்பு வந்தது. வரும்போது தேயிலை, காப்பி முதலியவற்றை வாங்கி வருமாறு டானியல் எழுதியிருந்தாராம். ஊரிலிருந்து வருவோரிடம் காப்பிப் பொடிக்கும் அப்பளத்திற்கும் சொல்லியனுப்பும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1727 ஏப்ரல் 5ஆம் நாள் ஆய்லர் பாசெலை விட்டுப் புறப்பட்டார். படகிலும் வண்டியிலும் கப்பலிலும் பயணம் செய்து மே 17இல் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தார். அன்றே அந்நாட்டுப் பேரரசி முதலாம் காதரீன் காலமானார். கழகத்தை ஆதரித்து வந்தவர் அவரே. ஆதலின் வந்திறங்கிய நாளே புதியவர்க்கு நிலை உறுதியற்றதாயிற்று. கணிதத்தில் இடமின்றி முதலில் உடலியல் பிரிவில் அமர்த்தப்பட்டவர், சில காலம் ருஷ்யக் கடற்படையிலும் பணிபுரிந்தார். 1731இல் இயற்பியல் பேராசிரியராகவும், டானியல் பெர்னூலி ஊர் திரும்பிய 1733இல் கணிதப் பேராசிரியராகவும் உயர்ந்தார். மறு ஆண்டு காதரீனா க்ஸெல் என்னும் நங்கையை மணந்தார். மணமகளின் தந்தையார் அந்நகரில் வாழ்ந்த ஸ்விஸ் ஓவியர். பதின்மூன்று மக்கள் பிறந்தனர். குழந்தைப் பருவம் கடந்தவர் ஐவரே.

பெர்னூலி குடும்பத்தாரே தீர்க்க இயலாது விட்ட ஒரு கணக்கு உண்டு. 1, 4, 9, 16 என வரும் வர்க்க எண்களால் 1ஐத் தனித்தனியே வகுத்து, முடிவின்றிக் கூட்டினால் வரும் தொகை யாது என்பது அது. 1735இல் ஆய்லர் அதற்கு விடை கண்டார்: பையின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு. வட்டமே இல்லாத கணக்கில் வட்டத்தின் பை வந்து நின்றது ஐரோப்பிய அறிஞர்களைத் திகைக்க வைத்தது. அவ்வாண்டிலேயே கொடிய காய்ச்சல் அவரை இறப்பின் வாயில் வரை கொண்டு சென்றது. 1738இல் வலக்கண் பார்வையும் போயிற்று.

1741இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் அழைப்பை ஏற்று ஆய்லர் பெர்லின் நகர் சென்றார். அரசத்தாய் அன்புடன் பேச்சுக் கொடுத்தும் அவர் ஓரிரு சொல்லுக்கு மேல் பேசவில்லை. காரணம் வினவியபோது, பேசுவோரைத் தூக்கிலிடும் நாட்டிலிருந்து வருவதாக விடையிறுத்தார் என்பர். ருஷ்யாவில் அக்காலத்து நிலைமை அத்தகையது.

அப்பயணத்திற்கு முந்திய ஆண்டில்தான் அவர் அந்தத் திறவுகோலைக் கண்டிருந்தார். 1740 அக்டோபர் 18ஆம் நாள் தம் முதிய ஆசிரியர் யோஹான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அது காணப்படுகின்றது. அதனை இயன்றவரை எளிதாகக் கூற முயல்வோம்.

ஒரு ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்கு நூறு வட்டிக்குக் கொடுத்து, கணந்தோறும் வட்டி முதலோடு சேர்வதாகக் கொண்டால், ஆண்டு இறுதியில் அது 2.71828 எனத் தொடங்கும் எண்ணளவு ரூபாயாகும். அவ்வெண்ணின் அடுக்குகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவை வளரும் வேகம் அவற்றின் அளவுக்கே சமம். அடுக்கில் 3 என்ற பெருக்கல் இருப்பின் வேகமும் 3 மடங்காகும். அவ்வாறாயின், அடுக்கில் மைனஸ் 1இன் வர்க்கமூலத்தை வைத்தால் என்ன ஆகும்? ஒரு முறை வேகம் கண்டால் அம்மூலம் ஒருமுறை முன்னே வந்து பெருகும். அவ்வேகத்தின் வேகம் கண்டால் இருமுறை பெருகி மைனஸ் 1 ஆகிவிடும். அதாவது, அளவு எவ்வளவோ அவ்வளவே எதிர்த்திசையில் இழுக்கப்படும். இஃது ஊஞ்சலின் இயல்பு. கோசைனின் இயல்பும் இதுவே. கற்பனை அடுக்கு ஒன்றையும், அதற்கு எதிர்க்குறி கொண்ட மற்றொன்றையும் கூட்டினால் வரும் தொகையும், கோசைனின் இருமடங்கும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. தொடக்கத்தில் இரண்டின் அளவும் ஒன்று, வேகமும் ஒன்று. ஆகவே அவை என்றும் சமமாகவே இருத்தல் வேண்டும் என்று ஆய்லர் முடிவு செய்தார்.

கோட்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1714இலேயே இவ்வுறவை லாகரித வடிவில் எழுதியிருந்தார். ஆயினும் அதனை யாவரும் கையாளும் கருவியாக்கிய பெருமை ஆய்லரையே சாரும். 1748இல் லோசான் நகரில் வெளியான தம் பெருநூலில் அவர் இதனை முறைப்பட விளக்கினார். ஆசிரியர் காலமானது அதே ஆண்டின் முதல் நாளில். அவரையும் லைப்னிட்ஸையும் மயக்கிய கற்பனை லாகரிதத்திற்கும் ஆய்லரே விளக்கம் தந்தார். வட்டத்தை மீண்டும் மீண்டும் சுற்றி ஒரே புள்ளிக்கு வரலாமாதலின், ஓர் எண்ணுக்கு லாகரிதம் ஒன்றல்ல, எண்ணற்றவை என்பதே அவ்விளக்கம்.

இதனால் விளைந்த பயனை ஒரு கணக்கால் காட்டுவோம். கோசைனின் நான்காம் படியை ஒரு முழுச் சுற்றுக்குத் தொகையிட வேண்டும் என்க. வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரிப் பாடநூலில் இதற்குச் சூத்திரங்கள் பல உள. மனப்பாடம் செய்யாதவர் திண்டாடுவர். ஆய்லரின் வழியில் கோசைன் என்பது முன்னோக்கிச் சுழலும் ஓர் அடுக்கும் பின்னோக்கிச் சுழலும் ஓர் அடுக்கும் சேர்ந்த தொகையில் பாதி. அத்தொகையை நான்கு முறை பெருக்கினால் 1, 4, 6, 4, 1 என ஐந்து உறுப்புகள் வரும். பாதியை நான்கு முறை பெருக்குவதால் யாவற்றிற்கும் கீழே 16 அமையும். ஓரங்களில் உள்ள நான்கும் முன்னோ பின்னோ சுழல்பவை. முழுச் சுற்றில் அவற்றின் கூட்டு சுழியாகிவிடும். நடுவில் உள்ள 6இல் மட்டும் முன்சுழற்சியும் பின்சுழற்சியும் ஒன்றையொன்று அழித்து வெறும் எண் நிற்கும். ஆகவே விடை 16இல் 6, அதாவது 3/8, அதனைப் பையின் இருமடங்கால் பெருக்க வருவது பையின் முக்கால் பங்கு. சூத்திரம் ஏதும் வேண்டியதில்லை. அடுக்குகளைப் பெருக்குவது என்பது அடுக்குக்குறிகளைக் கூட்டுவதே. தொகையிடுவது என்பது வகுப்பதே. கோண கணிதத்தின் சிக்கல் அனைத்தும் கூட்டலும் வகுத்தலுமாகச் சுருங்கிற்று. விடையில் கற்பனை எண் தடம் தெரியாமல் மறைந்துவிடுவதுதான் இதில் நமக்கு ஓயாத வியப்பு.

நம் கும்பகோணத்து இராமானுஜன் பள்ளி மாணவராயிருந்த நாளில், சைன், கோசைன் பற்றிய ஆய்லரின் இம்முடிவுகளைத் துணையின்றித் தாமே கண்டார். அவை முன்னரே நிறுவப்பட்டவை எனப் பின்னர் அறிந்து, எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தார். அச்சிறுவர் நாணியதற்குக் காரணமில்லை; ஆய்லரோடு ஒரே வழியில் நடந்தவர் அவர்.

பெர்லினில் இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. கணிதத்தோடு கால்வாய்ப் பணி, குலுக்குச் சீட்டுக் கணக்கு, விதவையர் உதவிநிதிக் கணக்கு, அரண்மனை நீரூற்று ஆகியவற்றையும் மன்னர் அவர் தலையில் சுமத்தினார். நீரூற்று பொங்கவில்லை என்று பழியும் வந்தது. மன்னர் விரும்பியது நகைச்சுவையும் நாவன்மையும் படைத்த பிரெஞ்சு அறிஞர்களை. எளிய உடையும் பக்தியும் கொண்டு மாலைதோறும் குடும்பத்தைக் கூட்டி வேதம் வாசிக்கும் இப்பெரியார் அவர் கண்ணுக்குப் பொலிவுறவில்லை. ஒற்றைக்கண் அரக்கனுக்கு ஒப்பிட்டு எள்ளியும் எழுதினார். அறிஞர் ஒருவரின் உடற்குறையை எள்ளிய அச்செயல் மன்னர்க்கு அழகன்று என்பது நம் கருத்து.

தந்தையார் மறைந்தபின், 1750இல் முதிய தாயாரை அழைத்துவர ஆய்லர் பிராங்பர்ட் வரை சென்றார். அங்கிருந்து பாசெல் அதிகத் தொலைவன்று. ஆயினும் ஊருக்குப் போகாமலே தாயாருடன் திரும்பினார். 1727இல் விட்ட பாசெலை அவர் பின்னர் ஒருபோதும் காணவில்லை.

1766இல் இரண்டாம் காதரீன் பேரரசியின் அழைப்பை ஏற்று மீண்டும் பீட்டர்ஸ்பர்க் சென்றார். சென்ற சில நாளில் இடக்கண்ணிலும் படலம் படர்ந்தது. 1771இல் நகரில் தீப்பற்றி அவர் இல்லமும் எரிந்தது. கண் தெரியாது உள்ளே அகப்பட்டவரைப் பாசெல் ஊராரான கிரிம் என்னும் கைத்தொழிலாளி தீயினுள் புகுந்து தோளில் சுமந்து வந்து காத்தார். அவ்வாண்டு செய்த கண் சிகிச்சையால் சில நாள் பார்வை திரும்பி, பின் சீழ் வைத்து மீண்டும் இருண்டது. 1773இல் மனைவியார் காலமானார்.

இத்தகைய துன்பங்களுக்கிடையே அவர் செய்த பணி முன்னினும் பெருகிற்று. இயற்கணித நூல் ஒன்றைத் தையற்காரரிடம் தொழில் பயின்ற இளைஞர் ஒருவருக்குச் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். அது 1770இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. எழுதிய இளைஞரே இயற்கணிதம் கற்றுக்கொண்டார் என்பர். தொகை நுண்கணிதம் பற்றிய பெருநூல் 1768 முதல் 1770 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. 1773இல் பாசெலிலிருந்து வந்த நிக்கோலாஸ் பூஸ் என்னும் இளைஞர் உதவியாளராக அமர்ந்தார். 1775இல் ஏறத்தாழ வாரத்திற்கு ஒரு கட்டுரை முடிவுற்றது.

இனி நாம் முன்னர்க் கூறிய இருப்புப்பாதைக்கு வருவோம். 1744ஆம் ஆண்டு நூலொன்றில் ஆய்லர் ஒரு வில்லைப் பற்றி ஆராய்ந்திருந்தார். ஒரு முனையை இறுகப் பொருத்தி மறுமுனையில் எடை தொங்கவிட்டால் வில் நேராக நிமிர வேண்டும்; அதற்கு அதனை முன்னரே எவ்வாறு வளைத்து வைப்பது? யாக்கோபு பெர்னூலி முன்னர்த் தொட்ட வினா அது. எடை தொங்கும் முனையிலிருந்து செல்லும் தூரத்திற்கேற்ப வளைவு ஒரே சீராகக் கூடிக்கொண்டே போகவேண்டும் என்பது விடை. அக்கோட்டை நீட்டிக்கொண்டே சென்றால் நத்தை ஓடு போலச் சுருண்டு ஒரு புள்ளியை அணுகும். அப்புள்ளி எங்குளது? தூரத்தின் வர்க்கத்திற்குச் சைனும் கோசைனும் கண்டு, அவற்றை முடிவிலி வரை தொகையிட்டாலன்றி அது தெரியாது. 1744இல் அவரால் அது கூடவில்லை.

முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1781இல், எழுபத்து நான்கு வயதில் அதனைக் கண்டார். குறைந்துகொண்டே செல்லும் அடுக்குகள் பற்றித் தாம் இளமையில் ஆராய்ந்த ஒரு தொகையீட்டை எடுத்து, அதன் அடுக்கில் கற்பனை எண்ணை வைத்தார். விடையிலும் கற்பனை எண் கலந்து வந்தது. கலப்பில்லாத பகுதியைத் தனியே பிரித்தால் கோசைன் கணக்கின் விடை. கற்பனைப் பகுதியைப் பிரித்தால் சைன் கணக்கின் விடை. ஒரே வீச்சில் இரண்டும் அகப்பட்டன. மைனஸ் 1இன் வர்க்கமூலம் என்பது 90 பாகைத் திருப்பம். கணக்கில் வருவது அதற்கும் வர்க்கமூலமாதலின் திருப்பம் 45 பாகையாகும். ஆகவே அப்புள்ளி கிடைத்தூரத்திலும் உயரத்திலும் சமமாக நிற்கும். இரு தொகையீடுகளின் மதிப்பும் ஒன்றே, ஏறத்தாழ 0.6267. கையிலே எழுதுகோல் பற்றவும் இயலாத ஒருவர், தாம் கண்ணிருந்த காலத்தில் வரைந்த கோட்டின் முடிவை இவ்வாறு மனத்தாலேயே சென்று தொட்டார். சாதாரண எண் நிற்கும் இடத்தில் கற்பனை எண்ணை வைப்பது முறையா என்னும் ஐயம் அறிஞர்க்கு நெடுநாள் இருந்தது. பிரெஞ்சு அறிஞர் கோஷி 1825இல் வெளியிட்ட ஆராய்ச்சியே அவ்வழிக்கு உறுதியான அடிப்படை அமைத்தது.

நேரான பாதையில் விரைந்து வரும் வண்டி திடீரென வட்ட வளைவில் புகுமாயின் பக்கவாட்டில் குலுங்கும்; தண்டவாளமும் சக்கரமும் தேயும். ஆதலின் நேர்ப்பாதைக்கும் வளைவுக்கும் நடுவே, வளைவு சிறிது சிறிதாகக் கூடும் ஓர் இடைவழியை அமைப்பர். தூரத்திற்கேற்பச் சீராகக் கூடும் வளைவு என்றால் அது ஆய்லர் ஆராய்ந்த அதே கோடுதான். அமெரிக்கப் பேராசிரியர் டால்பட் 1890களில் இதனை இருப்புப்பாதைக்கு வகுத்தளித்தார். நம் இந்திய இரயில்வேயில் கியூபிக் பாரபோலா என்னும் வடிவைக் கையாளுவர். சிறு திருப்பங்களில் அது ஆய்லர் கோட்டோடு ஏறக்குறைய ஒன்றிவிடும். பாதைத் துறையினரின் வரைபடங்களைக் கோப்பில் அடுக்கிய நாம், அக்கோட்டின் பின்னே கண்ணிழந்த முதியவர் ஒருவர் இருப்பதை அறிந்தது பிற்காலத்தில்தான்.

1783 செப்டம்பர் 18ஆம் நாள் காலையில் ஆய்லர் பேரப்பிள்ளை ஒருவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அவ்வாண்டில் பிரான்ஸில் முதன்முதலாகப் பறந்த புகைக்கூண்டு எவ்வளவு உயரம் ஏறும் எனக் கணக்கிட்டார். புதிதாகக் கண்ட யுரேனஸ் கோளின் பாதை பற்றி லெக்ஸெல் என்பாருடன் உரையாடினார். மாலையில் தேநீர் அருந்தும்போது மூளையில் குருதி கசிந்து நினைவிழந்தார். அன்றிரவே உயிர் நீத்தார்.

அவர் எழுதி வைத்தவற்றைப் பீட்டர்ஸ்பர்க் கழகம் மேலும் ஐம்பது ஆண்டுகள் போல வெளியிட்டு வந்தது. 1781இல் கண்ட அந்தத் தொகையீட்டுக் கட்டுரை 1794இல்தான் அச்சேறியது. ஸ்விட்ஸர்லாந்தில் 1911இல் அவர் நூல்களின் முழுத் தொகுப்பு தொடங்கி எண்பது தொகுதிகளுக்கு மேல் வளர்ந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் லூத்தரன் கல்லறைத் தோட்டத்தில் இருந்த அவர் உடலெச்சம் 1956இல் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இன்றும் அங்கேயே உள்ளது.